நான் வெட்டிய பதினொரு கொப்புகள்

கடைசிக் கொப்பு கீழே விழுந்து புழுதி அடங்குவதற்குள் அது வந்துவிட்டது.

நான் சப்பட்டை மாமரத்தின் உச்சிக் கவையில் நின்றிருந்தேன். கையில் ரம்பம். எதிரே ஓடைக்கரை நாவல் மரம். அதன் நுனிக்கிளையில் பூனை அளவுக்கு ஒரு மலை அணில். சாம்பல் முதுகு, ரோஸ் மூக்கு, உடம்பைவிட நீளமான வால்.

முன்னங்காலை நீட்டியது. காற்றைத் தொட்டுப் பார்த்தது. காலை இழுத்துக்கொண்டது. இரண்டடி பின்னால் போய் மறுபடி வந்து நீட்டியது. அன்று காலை வரை அந்த இடத்தில் ஒரு மாங்கொப்பு இருந்திருக்கிறது. இப்போது அது கீழே புழுதியில் கிடந்தது.

பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தது. 'ட்டக் ட்டக் ட்டக்' என்று ஆரம்பித்தது. என் கல்யாணத்தில் கூச்சப்பட்டு நானே பந்தலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அதற்காக என் மாமியார் ஏசியதுகூட இந்த அளவுக்கு இல்லை.

அப்போதும் எனக்கு விஷயம் புரியவில்லை. மரத்தைப் பார்த்தேன், அணிலைப் பார்த்தேன், கீழே கிடந்த கொப்புகளை எண்ணினேன். பதினொன்று. நல்ல வேலை என்றுதான் நினைத்தேன்.

மூங்கில் கழியோடு ஒரு சுற்று

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். படித்ததெல்லாம் மாமரத்தில்தான். காய் பறிப்பு முடிந்து ஆவணி பிறந்ததும் கவாத்து தொடங்கும். உள்கிளையைக் கழிப்பது, காய்ந்ததை அறுப்பது, ஒரு மரம் இன்னொரு மரத்தைத் தொடாமல் ஒதுக்குவது. வெயில் உள்ளே இறங்கினால்தான் அடுத்த தையில் பூ நிற்கும். சப்பட்டை ரகத்துக்கும் இதுதான், பஞ்சவர்ணத்துக்கும் இதுதான்.

ராஜபாளையம் பக்கத்துக் கவாத்துக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கூலி வேலை முழுவதும் முடிந்த பிறகு, கடைசி நாள் மத்தியானம், ஒரு மூங்கில் கழியைத் தலைக்கு மேலே நிறுத்திப் பிடித்துக்கொண்டு மரங்களுக்கு நடுவே நடந்து வருவோம். கழியில் எந்த இலை உரசினாலும் அந்தக் கொப்பு போகும். இதற்கு 'கடைசிச் சுத்து' என்று பேர். இதற்குக் கூலி கிடையாது. முதலாளி கேட்கவும் மாட்டார், நாங்கள் சொல்லவும் மாட்டோம். கவாத்து முதலாளிக்காக. இந்தச் சுற்று எங்கள் கைக்காக.

அடுத்த ஊர்க்காரன் அந்த வழியாகப் போகும்போது, "இது யாரு கைடே?" என்று நின்று கேட்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

வாய் திறந்து பேச வராதவனுக்கு இந்த வழக்கம் எவ்வளவு வசதி என்று யோசித்துப் பாருங்கள். நான் சொல்ல நினைத்ததையெல்லாம் மரத்தில் சொல்லிவிட்டு இறங்கிவிடலாம்.

மூலத்துக்கு மருந்து கேட்டவர்

இந்தக் கதையில் இன்னொருவர் இருக்கிறார். டாக்டர் அருள்செல்வி. செட்டியார்பட்டிக்காரர். அப்பா நூல் மில்லில் வேலை பார்த்தவர். மகள் காடு, மரம், பிராணி என்று படித்து, வெளியூரெல்லாம் சுற்றிப் பெரிய பட்டம் வாங்கி, திரும்ப ஊருக்கே வந்துவிட்டார். ஸ்கூட்டரின் முன்பக்கம் எப்போதும் ஒரு சாக்குப்பை. அதில் மண், இலை, சில நேரம் அணில் கடித்துப் போட்ட புளியங்காய்.

டாக்டர் வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு முதல் நாளே சேத்தூர்க்காரர் ஒருவர் ரகசியமாக ஓரத்துக்குக் கூப்பிட்டுத் தன் மூலத்துக்கு மருந்து கேட்டார்.

"அண்ணாச்சி, நான் அணிலுக்குத்தான் டாக்டர்" என்றார் அவர்.

"அதுக்குக் குடுக்கத எனக்கும் கொஞ்சம் குடுங்கம்மா" என்றார் அந்த ஆள். டாக்டரம்மா அசரவில்லை. தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லி அனுப்பினார். அதிலேயே குணமாகிவிட்டதாம்.

அவருடைய வேலை இதுதான். மலையடிவாரத் தோப்புக்காரர்களை ஒன்றாகச் சேர்த்து, மருந்தடிப்பதைக் குறைத்து, உதிர்ந்த இலையை எரிக்காமல் மரத்தடியிலேயே மூடாக்காகப் போட்டு, ஓடையோர மரங்களை வெட்டாமல் காப்பாற்றுவது. தோப்பும் பிழைக்க வேண்டும், காட்டில் இருப்பதும் பிழைக்க வேண்டும்.

நான் இதில் மாட்டியது முசுறு எறும்பால். மாமரத்தில் இலையை ஒட்டிக் கூடு கட்டுமே, அந்தச் சிவப்பு எறும்பு. கடித்தால் ஆள் மரத்திலிருந்து குதித்துவிடுவான். காய் பறிக்கும் முன் மருந்தடித்துக் கொல்வது வழக்கம். அது பூச்சியைத் தின்கிற எறும்பு, விட்டுவிடுங்கள் என்றார் டாக்டரம்மா. அப்படியானால் மரத்தில் ஏற ஆள் வராது என்றார் தோப்பு முதலாளி அழகர்ராஜா.

"குருசாமி அண்ணே ஏறுவாக" என்றார் டாக்டரம்மா, என்னைப் பார்த்து.

எனக்கு மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. மற்றவர்கள் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள். அந்த வருஷம் முழுக்கக் கையிலும் காலிலும் சாம்பலைப் பூசிக்கொண்டு ஏறினேன். பார்த்த பிள்ளைகள் சாமியார் என்று கும்பிட்டன.

மோட்டார் ரூமுக்குப் பின்னால்

கவாத்துக்கு முன்னால் தோப்பில் ஒரு கூட்டம் போட்டார் டாக்டரம்மா. பக்கத்துத் தோப்புக்காரர்களும் வந்திருந்தார்கள். கூட்டம் என்றால் நான் மோட்டார் ரூமுக்குப் பின்னால் நிற்பேன். யாரும் கருத்துக் கேட்டுவிடக் கூடாது. அன்று மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அவர் கையை நீட்டி நாவல் மரத்தையும் மாமரத்தையும் புளியந்தோப்பையும் காட்டியது தெரிந்தது. என்ன சொன்னார் என்பது தண்ணீர் விழுகிற சத்தத்தில் போய்விட்டது.

பிறகு முதலாளி என்னிடம் வந்து, "ஓடை வரிசைக்கு இந்த வருசம் கவாத்து கெடையாதுடே. டாக்டரம்மா சொல்லிட்டாக" என்றார். ஏன் என்று கேட்டிருக்கலாம். எப்போது நான் கேட்டிருக்கிறேன்?

கவாத்து கிடையாது என்றதும் அந்த வரிசையில் ஒரு குச்சியைக்கூட நான் தொடவில்லை. கூலி வேலை முடிந்தது. அடுத்த நாள் டாக்டரம்மா பக்கத்துத் தோப்புக்காரர்களை அழைத்து வந்து காட்டப்போகிறார் என்றார்கள். அடடா, அந்த ஒரு வரிசை மட்டும் பரட்டைத் தலையாக நிற்கிறதே, நாலு பேர் வந்து பார்க்கும்போது டாக்டரம்மாவுக்குக் குறைச்சலாக இருக்குமே என்று எனக்குத் தோன்றியது. கழியை எடுத்துக்கொண்டு கடைசிச் சுற்றுக்குக் கிளம்பினேன். கடைசிச் சுற்று எங்கள் கணக்கில் கவாத்தில் சேராது.

அந்த அம்மாவுக்கு ஒரு மரியாதையாக இருக்கட்டும் என்றுதான் பதினொரு கொப்பையும் வெட்டினேன்.

பேச்சி சொன்னது

மரத்திலிருந்து இறங்கியபோது முதலாளியின் நாய் மைனர் நாவல் மரத்தடியில் நின்று மேலே பார்த்துக் குரைத்துக்கொண்டிருந்தது. நல்ல வெள்ளை நாய். நாலு கால் பாய்ச்சலில் முயலைப் பிடித்துவிடும்.

வீட்டுக்குப் போய் என் மனைவி பேச்சியிடம் அணில் என்னை ஏசியதை வேடிக்கையாகத்தான் சொன்னேன். அவள் கூட்டத்தில் முன்வரிசையில் உட்கார்ந்து டீயும் வடையும் சாப்பிட்டுக் கேட்டவள். கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்தாள்.

"எந்த வரிசைய வெட்டுனீய?"

"ஓடை வரிசை. லேசாத்தான்."

"ஐயோ பாவி மனுசா! அந்த நாவல்லதான அணிலு குட்டி போட்டிருக்கு. மத்த மரமெல்லாம் எட்ட நிக்கி. மாங்கொப்பு வழியாத்தான் புளியந்தோப்புக்கு எரைக்குப் போகும் வரும். அதுக்குத் தரையில எறங்கத் தோதுப்படாது. அதத்தான அன்னைக்கு அவிய அம்புட்டு நேரமும் சொன்னாக? நீங்க எங்க இருந்தீய?"

"மோட்டார் ரூம் பக்கம்."

"உங்களுக்குப் பதிலா மோட்டாரக் கட்டியிருக்கலாம் நான்" என்றாள் பேச்சி.

மிச்சத்தையும் அவளே சொன்னாள். ஓடையோர மரங்களை விட்ட இடத்தில் அணில் குட்டியோடு தங்கிவிட்டால் தாங்களும் வெட்டாமல் விடுவதாக மற்ற தோப்புக்காரர்கள் சொல்லியிருந்தார்களாம். ஒரு தாயும் குட்டியும் நடுமரத்தில் அகப்பட்டுக்கொண்டதோடு, டாக்டரம்மா மூன்று வருஷம் வீடு வீடாக ஏறி இறங்கிப் பேசியதும் போய்விடும்.

எத்தனை கொப்பு?

விடிந்ததும் பேச்சி என்னை முன்னால் விட்டுப் பின்னால் வந்தாள். ஓடிவிடுவேன் என்று பயம்.

டாக்டரம்மா எங்களுக்கு முன்பே வந்து வெட்டிய இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். கழுத்தில் தொங்கும் பைனாகுலரைத் தொடவில்லை. கையிலிருந்த ரம்பத்தைக் கீழே அவர் காலடியில் வைத்தேன்.

"எத்தனை கொப்புண்ணே?"

"பதினொண்ணு."

அவர் அப்படியே ஒரு கொப்பின் மேல் உட்கார்ந்துவிட்டார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பேச்சிதான் கடைசிச் சுற்று பற்றி அவருக்குச் சொன்னாள். கூலி இல்லாதது, யாரும் சொல்லாமல் செய்வது, எல்லாம். கேட்கக் கேட்க டாக்டரம்மாவின் முகம் மாறியது.

"மூணு வருசமா இந்தத் தோப்புலதான் நிக்கேன். மருந்து கேட்டேன், உரம் கேட்டேன், எந்த மரத்துல எம்புட்டுக் காய்னு கேட்டேன். வேலை முடிஞ்ச பொறவு நீங்க என்ன செய்வீங்கன்னு ஒரு வார்த்தை கேக்கல பாருங்க" என்றார்.

அந்த நேரம் பார்த்து அணில் நாவல் மரத்திலிருந்து கீழ்நோக்கி ஒரு தாவு தாவி மாமரத்தில் விழுந்தது. எனக்கு உயிர் வந்தது.

"தாண்டிருச்சே!" என்றேன்.

"போறது சுலபம்ணே. நாவல் ஒசரம், மா தணிவு. திரும்பி எப்படி ஏறும்?"

திரும்பும்போது அது தரையில் இறங்கித்தான் ஓடியது. மைனர் பாய்ந்தது. அணில் நாவல் தூரில் ஏறிய பிறகு நாயின் வாயில் நாலு வால்மயிர் மிச்சம்.

அப்போதுதான் என் ஆயுளில் முதல் முறையாக ஒரு முதலாளியிடம் நானாகப் போய் ஒன்று கேட்டேன்.

"மொதலாளி, நாயைக் கட்டணும்."

அழகர்ராஜாவுக்குக் கோபம் வந்தால் வீட்டுத் தெலுங்கு வந்துவிடும். "ஏமிரா?" என்றார். "எந்தோப்புல என் நாயை நான் கட்டணுமா? அணிலைத் தொங்கவிட்டது நீ."

"ஆமா மொதலாளி. நான்தான். நாயைக் கட்டுங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, "உனக்கு இம்புட்டுப் பேசத் தெரியுமாலே?" என்று சொல்லிவிட்டுச் சங்கிலியை எடுத்துவரப் போனார்.

எஞ்சினியர் குருசாமி

டாக்டரம்மா அன்று பார்க்க வரவிருந்த தோப்புக்காரர்களைத் திங்கட்கிழமை வரச் சொல்லிவிட்டு, வனத்துறைக்காரர்களிடமும் போனில் பேசிவிட்டு வந்தார். கயிறு கட்டலாம். ஆனால் கூடு இருக்கும் பக்கம் போகக் கூடாது, தாய் வெளியே போயிருக்கும் நேரத்தில் மட்டும் ஏற வேண்டும், சீக்கிரம் இறங்க வேண்டும்.

காய்க்கூடை இறக்கும் தேங்காய்நார்க் கயிறு என்னிடம் இருந்தது. முதலில் ஒற்றைக் கயிறாகக் கட்டினேன். மலைக்காற்றில் அது ஊஞ்சலாக ஆடியது. அணில் வந்து முகர்ந்தது. கயிறு புரண்டது. போய்விட்டது.

அதற்கு எது பழக்கம் என்று அன்று மத்தியானம் முழுக்க யோசித்தேன். கயிறு பழக்கமில்லை. கொப்பு பழக்கம். இரண்டு கயிற்றை இழுத்துக் கட்டி, குறுக்கே ஏணி மாதிரி மூங்கில் குச்சிகள் கொடுத்து, அதன்மேல் நான் வெட்டிப்போட்ட அதே மாங்கொப்புகளை இலையோடு வரிசையாக வைத்துக் கட்டினேன். ஒரு முனை நாவல் கவையில், மறு முனை சப்பட்டையில். காற்றுக்கு ஆடாமல் இருபுறமும் இழுகயிறு. இறங்கி வந்து பார்த்தபோது பச்சைப் பந்தல் போல இருந்தது.

அணில் என்ன செய்தது? பாலத்துக்குப் பக்கத்திலேயே நின்று, ஒரு தாவு தாவி மாமரத்துக்குப் போனது. திரும்பும்போது தரையில் இறங்கி நிதானமாக நடந்து நாவலில் ஏறியது. நாயைக் கட்டியிருப்பது அதற்குத் தெரிந்துவிட்டது.

மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும் அப்படியே.

தோப்பு முழுக்கச் சிரிப்பு. மூலத்துக்கு மருந்து கேட்ட அதே சேத்தூர்க்காரர் பைக்கை நிறுத்தி, "ஏலே எஞ்சினியரு! பாலத்துக்குத் திறப்பு விழா எப்போ? அமைச்சர் வாராகளா?" என்றார்.

"அணிலுக்கு ஹெல்மெட் வாங்கிக் குடுத்தா போகுமோ என்னமோ" என்றார் முதலாளி. "மைனரு கத்துத கத்துல வீட்டுல ஒருத்தரும் ஒறங்கல. ஞாயித்துக்கெழமை அவுத்துவிட்டுருவேன் ஆமா."

இலைகள் வாடிச் சுருளத் தொடங்கின. நான் பாலத்தை அவிழ்த்துவிடலாமா என்று கேட்டேன்.

டாக்டரம்மா வேண்டாம் என்று தலையசைத்தார். "தனியாப் போறப்ப அது தாவும்ணே. நீங்களும் நானும்கூட வெறுங்கையோட வாய்க்காலத் தாண்டிருவோம்ல. பொறுங்க."

சனிக்கிழமை

சனிக்கிழமை காலை சாரல் விழுந்து நின்றிருந்தது. மண் வாசமும் மாம்பிசின் வாசமும் கலந்து வந்தன. டாக்டரம்மா, நான், பேச்சி மூவரும் மூடாக்கு இலைமேல் சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தோம். பேச்சி தூக்குவாளியில் கொண்டுவந்த காப்பியை ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"அண்ணே" என்றார் டாக்டரம்மா, உதட்டை அசைக்காமல்.

நாவல் கூட்டிலிருந்து அணில் வெளியே வந்திருந்தது. வாயில் என்னவோ தொங்கியது. முதலில் பஞ்சுக்கட்டு என்று நினைத்தேன். அது அசைந்தது.

குட்டி.

தாய் நுனிக்கிளைக்கு வந்தது. வழக்கமாகத் தாவும் இடத்தில் நின்றது. பின்னங்காலை மடக்கிக் குந்தியது. குட்டி வாயில் இருக்கும்போது தவறினால் கீழே வெறும் தரை. இலைகூட இல்லை, பாலம் கட்டியபோது அங்கே மட்டும் நான்தான் சுத்தமாகக் கூட்டியிருந்தேன்.

அது தாவவில்லை. கிளையில் பின்னால் வந்து, பக்கவாட்டில் திரும்பி, பாலத்தின் முதல் குச்சியில் ஒரு காலை வைத்தது. எடுத்தது. மறுபடி வைத்து அழுத்திப் பார்த்தது. கடையில் பாய் வாங்குகிறவள் விரித்து அழுத்திப் பார்ப்பாளே, அப்படி.

பிறகு நடந்தது. ஓடவில்லை. வாடிய மாவிலை சரசரக்க, வால் பின்னால் ஒரு சேலைத் தலைப்பு மாதிரி இழுபட, நடந்தே போனது. நடுவில் காற்று வந்தது. நின்றது. என் இடது முழங்கையை யாரோ நெரித்தார்கள். டாக்டரம்மாவா பேச்சியா என்று திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை. காற்று போனது. அணிலும் போனது. சப்பட்டையில் ஏறி, பஞ்சவர்ணத்தைத் தாண்டி, புளியந்தோப்பின் இருட்டுக்குள் மறைந்தது.

"போயிட்டா!" என்று ஒரு சத்தம் கேட்டது. தோப்பு வீட்டில் மைனர் பதிலுக்குக் குரைத்தது. முதலாளி லுங்கியைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடிவந்தார்.

"யாரு போயிட்டா?" என்றார் பதறிப்போய்.

"அணிலு மொதலாளி" என்றாள் பேச்சி. "கத்துனது எங்க வீட்டுக்காரரு."

டாக்டரம்மா நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்தார். எழுத்து கோணல்மாணலாக வந்தது.

கயிற்றுக்கடை

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். திங்கட்கிழமை போய்ப் பார்த்தால் பாலம் ஒரு பக்கமாகச் சாய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. மைனர் வேலையா என்றால், நாய் மரமேறாது. அண்ணாந்து பார்த்தபடி நின்றேன்.

செத்த நேரத்தில் அந்த அணில் அம்மாள் வந்தாள். பாலத்தில் உட்கார்ந்து, என் நார்க்கயிற்றைப் பல்லால் கடித்துப் பிரித்து, நாரை வாய் நிறையத் திரட்டிக்கொண்டு புளியந்தோப்புக்குப் போனாள். மறுபடி வந்தாள். மறுபடி கடித்தாள். அங்கே குட்டியை வைத்திருக்கும் புதுக்கூட்டுக்கு உள்மெத்தை தைக்கிறாள்.

அதற்குள் வந்துவிட்ட டாக்டரம்மா சிரித்த சிரிப்பில் பைனாகுலர் தாடையில் இடித்தது. "பாலத்தப் பிரிச்சு வீடு கட்டுதா பாருங்கண்ணே!"

பார்க்க வந்த பக்கத்துத் தோப்புக்காரர் இரண்டு பேர் அதைப் பார்த்துவிட்டு, ஓடையோரத்தில் ரம்பம் வைக்க மாட்டோம் என்று டாக்டரம்மாவிடம் அங்கேயே சொல்லிவிட்டுப் போனார்கள். சேத்தூர்க்காரர் மட்டும் தன் ஓடையிலும் ஒரு பாலம் கட்டித் தரச் சொல்லி என்னைக் கேட்டார், அணில் வருமோ வராதோ.

நான் அன்று மத்தியானமே ராஜபாளையத்துக்கு பஸ் ஏறினேன். கயிற்றுக்கடையில் பாலத்துக்கென்று முறுக்கான கயிறு ஒரு கட்டு எடுத்து வைத்தேன். பிறகு கேட்டேன்.

"அண்ணாச்சி, தொட்டாப் பிஞ்சு பிஞ்சு வாரதா ஒரு கயிறு வேணுமே. இருக்கா?"

கடைக்காரர் கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்தார்.

"எங்கப்பா காலத்துல இருந்து கடை நடக்கு. பிஞ்சு போச்சுன்னு சண்டைக்கு வந்திருக்காக. பியுற கயிறு வேணும்னு ஒருத்தரும் கேட்டதில்ல. யாருக்குய்யா?"

"பிள்ளை பெத்தவளுக்கு" என்றேன். "கொஞ்சம் மெத்துனு இருக்கதாப் பாத்துக் குடுங்க."